போன் அடிக்கும் வரை காத்திருப்பது ஓய்வாகுமா?

கொஞ்சம் நீளமான பதிவு, ஆறுதலாக வாசியுங்கள்.

உம்ராவுக்கோ வளைகுடாவில் தொழிலுக்கோ போக நாம் கட்டுநாயக்கவில் விமானம் ஏறுகிறோம். அன்று காலை விமானிக்குக் காய்ச்சல் வந்திருந்தால் என்ன நடக்கும் என்று யோசிப்பதில்லை. பெரும்பாலும் ஒன்றும் நடக்காது, வேறொருவர் வந்து ஓட்டுவார். அந்த வேறொருவர்தான் ‘ரிசர்வ்’ விமானி. அவருடைய வேலை காத்திருப்பது. அந்தக் காத்திருப்பு வேலையா, ஓய்வா என்ற கேள்விக்கு விடை தேட அமெரிக்காவுக்குப் பல பத்தாண்டுகள் எடுத்தன. விவரமாகப் பதிவான சரித்திரம் என்பதால் அங்கேயே பார்ப்போம்.

அமெரிக்கக் கம்பனிகளில் எல்லாம் சேவை மூப்பின்படிதான். ஒவ்வொரு மாதமும் பயணங்களின் பட்டியல் வரும். மூத்தவர்கள் தமக்குப் பிடித்ததை முதலில் எடுத்துக்கொள்வார்கள். கடைசியில் நிற்கும் இளையவர்களுக்குப் பயணம் எதுவும் மிஞ்சாது, நாட்கள் மட்டும் கிடைக்கும். அந்த நாட்களில் போனைக் கையில் வைத்திருக்க வேண்டும். அழைப்பு வந்தால் குறித்த நேரத்துக்குள் விமான நிலையத்தில் நிற்க வேண்டும். வராவிட்டாலும் மாதத்துக்கு இத்தனை மணித்தியாலம் என்று ஒரு குறைந்தபட்சச் சம்பளம் உண்டு. வீடு வேறு மாநிலத்தில் இருந்தால், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் பலர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த அறையில் ஒரு கட்டில்தான் கதி. நியூயோர்க்கின் கியூ கார்டன்ஸ் பகுதியில் இப்படித் தங்கும் விமான ஊழியர்கள் அதிகம் என்பதால் அதற்கு ‘க்ரூ கார்டன்ஸ்’ என்றே பட்டப்பெயர் வந்தது.

(நமது பாடசாலைகளில் ‘ரிலீஃப்’ பட்டியலில் பெயர் இருக்கும் நாளில் ஓய்வுப் பாடவேளையும் ஓய்வாக இருக்காது என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும். அங்கே பணயம் இன்னும் பெரியது.)

விமானிகளின் நேரத்துக்கு ஒரு பெரிய வரம்பு 1934 மே மாதம் வந்தது. விமானிகள் சங்கம் அப்போது தொடங்கி மூன்று வருடம்தான். தேசிய தொழில் சபை தனது 83ஆம் இலக்கத் தீர்மானத்தில் மாதத்துக்கு 85 மணித்தியாலத்துக்கு மேல் பறக்கக்கூடாது என்றது. பெரிய வெற்றிதான். ஆனால் அது எண்ணியது ஆகாயத்தில் இருந்த நேரத்தை. தரையில் காத்திருந்த நேரம் அந்தக் கணக்கில் வரவில்லை.

அதன் விளைவைப் பாருங்கள். ஒருவர் காலை 6 மணிக்கு எழும்பி, பகல் முழுக்கப் போனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். இரவு 8 மணிக்கு அழைப்பு வருகிறது. கம்பனியின் கடிகாரம் அவர் விமான நிலையம் வந்த பிறகுதான் ஓடத் தொடங்குகிறது. உடம்பின் கடிகாரமோ காலை 6 மணியிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கிறது. தஹஜ்ஜுத் நேரத்தில், உடம்பு நித்திரைக்காகக் கெஞ்சும் வேளையில், அவர் விமானத்தை இறக்கிக்கொண்டிருப்பார்.

1993 ஓகஸ்ட் 18ஆம் திகதி கியூபாவிலுள்ள அமெரிக்கத் தளமான குவாண்டனாமோவில் ஒரு டிசி-8 சரக்கு விமானம் விழுந்தது. அந்த மூவரும் ரிசர்வில் இருந்தவர்கள் அல்லர். இரவு முழுக்கப் பறந்து, காலையில் அட்லான்டாவில் வேலை முடிந்தது என்று நின்றவர்களைக் கம்பனி திடீரென இன்னொரு பயணத்துக்கு அனுப்பியது. கியூபாவின் வான் எல்லையைக் காட்டும் ஒளிவிளக்கைக் கப்டன் தேடிக்கொண்டே இருந்தார். அந்த விளக்கு அன்று வேலை செய்யவில்லை. வேகம் குறைகிறது என்று மற்றவர்கள் சொன்னது அவர் மனதில் ஏறவில்லை. ஓடுபாதைக்குச் சற்று முன்னால் விமானம் தரையில் மோதியது. மூவரும் காயங்களோடு உயிர் தப்பினர். விபத்துக்கான காரணமாகக் களைப்பையே நேரடியாகக் குறிப்பிட்ட அமெரிக்க விசாரணைச் சபையின் முதல் அறிக்கை இதுதான்.

1995இல் விமானப் போக்குவரத்து நிர்வாகம் ரிசர்வையும் உள்ளடக்கிப் புதிய விதிகளை முன்மொழிந்தது. கம்பனிகள் எதிர்த்தன, முன்மொழிவு பல வருடங்கள் அப்படியே கிடந்தது. இடையில் 2000 நவம்பரில் அந்த நிர்வாகத்தின் சட்ட அதிகாரியான விட்லோ, விமானிகள் சங்கமொன்றுக்கு ஒரு பதில் கடிதம் எழுதினார். பயணம் முடியும் நேரத்திலிருந்து 24 மணித்தியாலம் பின்னோக்கிப் பார்த்தால், அதற்குள் 8 மணித்தியாலம் உண்மையான ஓய்வு இருக்க வேண்டும்; ரிசர்வ் விமானிக்கும் இதேதான் என்றார். அழைப்பை எடுக்கும் கடமை இருக்கும் வரை அது ஓய்வல்ல. கம்பனிகள் நீதிமன்றம் போயின, 2002இல் தோற்றன. புதிய சட்டம் எதுவுமில்லாமல், இருந்த சட்டத்தை ஒழுங்காக வாசித்தே இவ்வளவு செய்ய முடிந்தது என்பது எங்களுக்கு ஆச்சரியம்தான்.

விதிகளையே மாற்ற இன்னொரு விபத்து வேண்டியிருந்தது. 2009 பெப்ரவரி 12ஆம் திகதி பஃபலோ நகருக்கு அருகே கொல்கன் எயார் விமானம் ஒரு வீட்டின்மேல் விழுந்து 50 பேர் இறந்தனர். விமானிகளில் ஒருவர் முந்தைய இரவு நாட்டைக் குறுக்காகக் கடந்து வேலைக்கு வந்தவர். மற்றவர் ஊழியர் அறையில் இரவைக் கழித்தவர். களைப்பு எவ்வளவு பங்கு வகித்தது என்று விசாரணைச் சபை அறுதியாகச் சொல்லவில்லை. ஆனால் இறந்தவர்களின் குடும்பங்கள் வொஷிங்டனை விட்டு நகரவில்லை. 2010இல் காங்கிரஸ் சட்டம் இயற்றியது, புதிய விதிகள் 2014 ஜனவரி 4 முதல் நடைமுறைக்கு வந்தன.

இப்போது ரிசர்வுக்கு முன் 10 மணித்தியால ஓய்வு கட்டாயம். போனோடு இருக்கும் நேரம் 14 மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது. இரண்டு விமானிகள் மட்டும் ஓட்டும் பயணத்தில் காத்திருப்பும் பணியும் சேர்ந்து 16 மணித்தியாலத்துக்கு மேல் போகக்கூடாது. காலை 6 மணிக்குக் காத்திருக்கத் தொடங்கியவரை மாலை 4 மணிக்கு அழைத்தால், இரவு 10 மணிக்குள் அவர் பணி முடிந்தாக வேண்டும். விமான நிலையத்திலேயே உட்காரவைத்தால் முதல் நிமிடத்திலிருந்தே அது பணி நேரம்.

இதெல்லாம் பயணிகள் விமானங்களுக்கு மட்டும். செலவு அதிகம் என்று சரக்கு விமானங்களைக் கட்டாயத்திலிருந்து விட்டுவிட்டார்கள், விரும்பினால் சேரலாம் என்றார்கள். குவாண்டனாமோவில் விழுந்தது சரக்கு விமானம் என்பதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். விதி வெளியாகி, நடைமுறைக்கு வர முன்பே, 2013 ஓகஸ்டில் பர்மிங்ஹாமில் யூபிஎஸ் சரக்கு விமானமொன்று விடியற்காலையில் விழுந்து இரு விமானிகளும் இறந்தனர். அந்தக் கம்பனி விமானிகளின் சங்கம் விதிவிலக்கை எதிர்த்துத் தொடுத்த வழக்கும் 2016இல் தோற்றது.

நமதூர்ப் பிள்ளைகள் சிலர் விமானக் கம்பனிகளில் வேலை செய்கிறார்கள். அங்கே ‘ஸ்டேண்ட்பை’ நாள் எப்படி எண்ணப்படுகிறது என்று அவர்கள் எழுதினால் எல்லோரும் அறிந்துகொள்ளலாம்.