ரிச்சர்ட் பிரையர்: ஒரு சிரிப்பு விலைபோன வரலாறு

நகைச்சுவை என்றாலே ஏதோ 'லேசான' சமாச்சாரம் என்கிற நினைப்பு நம் தீவிர இலக்கியவாதிகளிடமும் உண்டு, அரசியல் தோழர்களிடமும் உண்டு. யார் சிரிக்கிறார்கள், யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், அதற்குக் காசு போடுகிறவன் யார் என்று கேட்கத் தொடங்கினால் அது அவ்வளவு லேசாக இருக்காது. அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் ரிச்சர்ட் பிரையரின் (1940–2005) வரலாற்றை இந்தக் கேள்விகளோடுதான் வாசிக்க வேண்டியிருக்கிறது.

இல்லினாய் மாநிலத்தின் பியோரியா நகரில், பாட்டி நடத்திய பாலியல் தொழில் விடுதியில் வளர்ந்தவர் அவர். 1963இல் நியூயார்க்குக்கு வந்து, மேடையில் தனியாளாக நின்று பேசும் 'ஸ்டாண்ட்-அப்' கலைஞரானார். அப்போது அவருக்கு முன்மாதிரி பில் காஸ்பி. வெள்ளை நடுத்தர வர்க்கம் முகம் சுளிக்காமல் சிரிக்கத் தோதான, இனம் பற்றி மூச்சு விடாத, 'சுத்தமான' நகைச்சுவை. காசு வந்தது, தொலைக்காட்சி வந்தது. 1967இல் லாஸ் வேகாஸின் அலாதீன் விடுதி மேடையில் நின்றவர், கூட்டத்தைப் பார்த்து 'இங்கே நான் என்ன எழவு பண்ணிக்கிட்டிருக்கேன்?' என்கிற தோரணையில் கேட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார். பிறகு சில காலம் பெர்க்லியில் இருந்தார். மால்கம் எக்ஸை வாசித்தார். திரும்பி வந்தது வேறு ஒரு பிரையர்.

என்ன மாறியது? 'ஜோக்' காணாமல் போனது. அதன் இடத்தில் மனிதர்கள் வந்தார்கள். தெருமுனைக் குடிகாரன், போதை ஊசிக்கு அடிமையான இளைஞன், பிரசங்கி, மட்போன் என்கிற மிசிசிப்பிக் கிழவன். வெள்ளைச் சமூகம் மட்டுமல்ல, 'முன்னேறிய' கறுப்பர்களும் திரைபோட்டு மறைக்க நினைத்த விளிம்புநிலை வாழ்வு அதன் கெட்ட வார்த்தைகளோடு மேடையேறியது. கறுப்பர்களை இழிவுபடுத்தும் வசைச்சொல்லையே தலைப்பில் வைத்து 1974இல் வெளியிட்ட இசைத்தட்டு கிராமி விருது பெற்றது. 1979இல் கென்யா போய்வந்த பிறகு அந்தச் சொல்லைக் கைவிட்டார். எடுத்ததும் விட்டதும் அவரது தேர்வுதான்.

1979இல் வெளியான 'லைவ் இன் கான்சர்ட்' படத்தில் போலீஸ் பற்றிய பகுதி ஒன்று வருகிறது. காரை நிறுத்தும் போலீசிடம் ஒரு கறுப்பன், உரிமத்தை எடுக்கப் பையில் கை விடுவதைக்கூட முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் செய்ய வேண்டும். கழுத்தை நெரிக்கும் போலீஸ் பிடியையும் அவர் நடித்துக் காட்டுகிறார். அரங்கில் கறுப்பர்கள் தெரிந்த கதைக்குச் சிரிக்கிறார்கள். வெள்ளையர்களுக்கு அது செய்தி. 2014இல் நியூயார்க்கில் எரிக் கார்னர் கழுத்து நெரிபட்டுச் செத்தபோதும், 2020இல் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் போலீஸ் முழங்கால் ஏறியபோதும் அந்தப் 'பழைய ஜோக்' பழையதாகிவிடவில்லை என்பது தெரிந்தது.

இந்தக் குரலை ஹாலிவுட் என்ன செய்தது? 'பிளேசிங் சாடில்ஸ்' (1974) திரைக்கதையை எழுதியவர்களில் பிரையரும் ஒருவர். கறுப்பின ஷெரிஃப் வேடத்துக்கு அவரைத்தான் இயக்குநர் மெல் புரூக்ஸ் விரும்பினார். வார்னர் நிறுவனம் மறுத்துவிட்டது. அவரது எழுத்து வேண்டும், ஆள் வேண்டாம். 1977இல் என்.பி.சி. தொலைக்காட்சி அவருக்கு ஒரு நிகழ்ச்சி கொடுத்தது. தொலைக்காட்சியில் நுழைய எதையும் விட்டுக்கொடுக்கவில்லை என்று அவர் சொல்ல, கேமரா பின்வாங்கும்போது பிறப்புறுப்பே இல்லாத நிர்வாண உடலாக அவர் நிற்பார். தணிக்கையைப் பகடி செய்த இந்தத் தொடக்கக் காட்சியையே நிறுவனம் வெட்டி எறிந்தது! நான்கு வாரத்தில் நிகழ்ச்சி முடிந்துபோனது.

திரையில் அவர் முழுதாக வெளிப்பட்டது பால் ஷ்ரேடரின் 'புளூ காலர்' (1978) படத்தில். மூன்று கார் ஆலைத் தொழிலாளிகள் தங்கள் தொழிற்சங்க அலுவலகத்திலேயே திருடப் போகிறார்கள். காசு அதிகம் கிடைக்கவில்லை. சங்கத்தின் கள்ளக் கடன் கணக்கு நோட்டு கிடைக்கிறது. ஒருவன் ஆலைக்குள்ளேயே சாகடிக்கப்படுகிறான். பிரையர் நடித்த ஸீக் சங்கப் பதவிக்கு விலைபோகிறான். வெறும் துரோகியாக அவனை ஒதுக்கிவிட முடியாதபடி, கறுப்பனுக்கு இதைவிட்டால் வேறு வழி ஏது என்று தன் வெள்ளைத் தோழனிடம் அவன் வாதாடுகிறான். கடைசியில் இருவரும் அடித்துக்கொள்ளப் பாய்கிற கணத்தில் படம் உறைந்து நிற்கிறது. தொழிற்சங்க வேலை பார்க்கும் தோழர்கள் அவசியம் பார்க்க வேண்டிய படம்.

அதற்குப் பிறகு வந்தது பணம். சிட்னி பாய்ட்டியே இயக்கிய 'ஸ்டிர் கிரேசி' (1980) 10 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. 'சூப்பர்மேன் 3' (1983) படத்துக்கு அவர் சம்பளம் 40 லட்சம் டாலர். அதே ஆண்டு கொலம்பியா நிறுவனத்தோடு ஐந்தாண்டுகளுக்கு 4 கோடி டாலர் ஒப்பந்தம். அதன்கீழ் உருவான தன் கம்பெனிக்குக் கறுப்பினக் கலைஞர்களை வளர்க்க நினைத்த ஜிம் பிரவுனைத் தலைவராக்கினார். அந்த ஆண்டே வெளியேற்றினார். 'தி டாய்' (1982) படத்தில் பணக்கார வெள்ளைச் சிறுவனுக்கு விளையாட்டுப் பொம்மையாக வாங்கப்படும் கறுப்பனாக நடித்தார். இதற்கு விமர்சகன் என்ன விளக்கம் எழுதுவது?

எல்லாவற்றையும் ஹாலிவுட் தலையில் கட்டிவிட்டு நாம் தப்பிக்கவும் முடியாது. 1978 புத்தாண்டில் மனைவி வீட்டை விட்டுப் புறப்பட்டபோது பிரையர் காரைச் சுட்டார். மேடையில் இதை அற்புதமாக நடித்தார். சுடப்பட்ட டயர் அலறுகிறது, என்ஜின் பேசுகிறது. போலீஸ் வந்ததும் துப்பாக்கிக்காரன் வீட்டுக்குள் ஓடிவிடுகிறான். போலீஸ் காரையா சுடும், கறுப்பனையல்லவா சுடும்! டயருக்குக்கூடக் குரல் கொடுத்த அந்தக் கலை, காருக்குப் பக்கத்தில் பயந்து நின்ற பெண்ணுக்குக் குரல் கொடுக்கவில்லை. ஒடுக்கப்பட்டவனின் சிரிப்பு என்பதாலேயே அது யாரையும் ஒடுக்காது என்று ஆகிவிடாது.

1986இல் நரம்பு மண்டலத்தைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய் அவருக்கு இருப்பது தெரிந்தது. 1998இல் வாஷிங்டனின் கென்னடி மையம் மார்க் ட்வைன் பரிசைத் தொடங்கி முதல் பரிசை அவருக்குக் கொடுத்தது. ஒரு காலத்தில் தொலைக்காட்சிக்கே ஆகாத ஆள், பேச்சும் நடையும் ஓய்ந்தபின் தேசத்தின் சொத்தாகிவிட்டார். இத்தனைக்குப் பிறகும் மிஞ்சியிருப்பது கோடிகளில் எடுத்த படங்கள் அல்ல. ஒரு மேடை, ஒரு மைக், வியர்த்து ஒழுகும் ஒரு மனிதன் என்று எடுக்கப்பட்ட அந்த 1979 படம்தான். ஹாலிவுட் அவருக்கு எதையெல்லாம் பேசக் கொடுக்கவில்லை என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.