கடும் ஆஸ்துமாவுக்கான உயிரியல் ஊசிகளின் பக்கவிளைவுகள்

இன்ஹேலரை முழு அளவில் எடுத்தும் அடங்காத ஆஸ்துமாவுக்குத் தரப்படும் எதிர்ப்பொருள் மருந்துகளை உயிரியல் மருந்துகள் என்பார்கள். ரெஸ்லிசுமாப் மட்டும் நரம்பு வழியே ஏறும். மற்றவை தோலடி ஊசிகள். அழற்சியைத் தூண்டும் ஏதாவது ஒரு மூலக்கூறையோ அதன் ஏற்பியையோதான் இவை மறிக்கின்றன. நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரையால் வரும் சர்க்கரை, எலும்புத் தேய்வு போன்ற தொல்லைகள் இவற்றில் இல்லாததற்கு அதுவே காரணம்.

அடிக்கடி காண்பவை சில்லறைத் தொல்லைகளே: ஊசி போட்ட இடம் சிவந்து தடித்து அரிக்கும், தலை வலிக்கும். மெபோலிசுமாபில் முதுகுவலியும் களைப்பும், டெசெபெலுமாபில் தொண்டை அழற்சியும் மூட்டுவலியும் பதிவாகியுள்ளன.

அஞ்ச வேண்டியது அனாஃபிலாக்சிஸ் என்னும் கடும் ஒவ்வாமை. அமெரிக்காவில் 2003இல் அனுமதி பெற்ற ஒமாலிசுமாப்தான் இவ்வகை மருந்துகளில் மூத்தது. விற்பனைக்கு வந்தபின் ஆயிரத்தில் இருவருக்காவது இந்த ஒவ்வாமை நேர்ந்ததாகக் கணக்கிடப்பட்டதால், 2007இல் அதன் மருந்துக் குறிப்பில் கட்டமிட்ட எச்சரிக்கை ஏறியது. முகமும் நாக்கும் வீங்கும், உடலெங்கும் தடிப்பு எழும், மூச்சு இறுகும், ரத்த அழுத்தம் சரியும். இத்தகைய ஒவ்வாமைகளில் பாதிக்கு மேற்பட்டவை முதல் மூன்று ஊசிகளுக்குள் வந்தவை. அதனால்தான் அந்த மூன்றுக்கும் இரண்டு மணி நேரம், பிறகு அரை மணி நேரம் மருத்துவமனையிலேயே காத்திருக்கச் சொல்கிறார்கள். ஆனால் ஒரு நாள் கழித்தும், ஓராண்டுக்கும் மேலாக ஊசி போட்டுப் பழகியவருக்கும்கூட இது வந்ததுண்டு. காத்திருந்து வீடு திரும்பியவரும் இந்த ஒவ்வாமைக்கு அவசரமாகப் போடும் எபிநெஃப்ரின் ஊசியைக் கையில் வைத்திருப்பது நல்லது. 2021இல் வீட்டிலேயே போட்டுக்கொள்ள அனுமதி வந்தபோதும், மருத்துவரின் கண்காணிப்பில் குறைந்தது மூன்று ஊசிகள் கோளாறின்றிக் கழிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு.

டுபிலுமாப் தொடங்கியபின் சிலருக்கு ரத்தத்தில் ஈசினோஃபில் அணுக்கள் ஏறும். பெரும்பாலும் அறிகுறி ஏதும் இராது. அத்துடன் கை கால் மரத்துப்போதல், தோலில் ரத்தப்புள்ளிகள், மூச்சுத்திணறல் கூடுதல் ஆகியவை சேர்ந்தால் ரத்தக்குழாய் அழற்சியைச் சந்தேகிக்க வேண்டும். ஊசியால் உடம்பு தேறியதும் ஸ்டீராய்டைக் குறைப்பார்கள். அதுவரை மாத்திரைக்கு அடியில் மறைந்திருந்த நோய் அப்போது வெளிப்படுவதும் உண்டு. இதைப் பக்கவிளைவு என்பதா, பழைய நோய் என்பதா என்று பிரிப்பது கடினம். எப்படியாயினும் ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தக் கூடாது.

மெபோலிசுமாப் ஆய்வுகளில் சிலருக்கு அக்கி வந்தது. இவ்வூசிகள் அடக்கும் ஐஜிஇ என்னும் எதிர்ப்பொருளும் ஈசினோஃபிலும் குடற்புழுக்களை எதிர்ப்பதில் பங்குள்ளவை. எனவே புழுத்தொற்று இருந்தால் அதைத் தீர்த்துவிட்டே இவ்வூசிகளைத் தொடங்குவார்கள். டுபிலுமாப், டெசெபெலுமாப் எடுப்போர் உயிருள்ள கிருமித் தடுப்பூசிகளைத் தவிர்ப்பர்.

ஒமாலிசுமாபின் தொடக்க ஆய்வுகளில் புற்றுநோய் சற்றுக் கூடுதலாகத் தென்பட்டது பெரிய அச்சத்தைக் கிளப்பியது. பின்னர் ஐந்தாண்டு நடந்த எக்செல்ஸ் ஆய்வில் அந்த வேறுபாடு தெரியவில்லை. மாறாக இதய, மூளை ரத்தக்குழாய்க் கோளாறுகள் சிறிது மிகுந்திருந்தன. 2014இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதையும் மருந்துக் குறிப்பில் சேர்த்தது.