பீங்கான் பேட்டை: விருத்தாசலத்தின் களிமண் வரலாறு

கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றின் கரையில் இருக்கும் விருத்தாசலத்துக்கு இரண்டு அடையாளங்கள் உண்டு. ஒன்று, தேவாரப் பாடல் பெற்ற பழமலைநாதர் கோயில். திருமுதுகுன்றம் என்ற பழம்பெயர் கொண்ட இந்தத் தலத்தில், 10ஆம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவி கற்றளி எடுப்பித்தார். காசியைவிட வீசம் கூடுதல் என்று சொல்லி விருத்தகாசி என்று இவ்வூரை அழைப்பதும் உண்டு. மற்றோர் அடையாளம் பீங்கான். கோயிலோடு ஒப்பிட்டால் பீங்கானின் வயது மிகக் குறைவு. 1960களில் தொடங்கிய தொழில் அது. ஆனால் கோயிலைப் பார்த்தேயிராத தமிழ்க் குடும்பங்களின் வீட்டுக்குள்ளும் விருத்தாசலத்துப் பீங்கான் ஏதோ ஓர் உருவில் நுழைந்திருக்கிறது: மின்பெட்டியில் ஃபியூஸ் கேரியராக, சமையலறையில் ஜாடியாக, கார்த்திகை இரவில் அகல் விளக்காக. வீட்டில் புழங்கும் கருவிகள் மாறியபோதெல்லாம் இந்த ஊரின் பிழைப்பும் மாறியது.

பீங்கானுக்கான அடிப்படை நிலத்துக்கு அடியில் இருக்கிறது. கிரானைட் போன்ற பாறைகளில் உள்ள ஃபெல்ஸ்பார் என்னும் கனிமம் நீரும் காற்றும் பட்டு நெடுங்காலம் சிதைந்தால் வெள்ளைக் களிமண்ணாகிறது. பண்ருட்டி, நெய்வேலி, விருத்தாசலம் ஆகியவை அமைந்திருக்கும் செம்மண் மேட்டின் அடியில் கடலூர் மணற்கல் எனப்படும் படிவங்கள் உள்ளன. அவற்றினூடே இந்த வெள்ளைக் களிமண் அடுக்குகள் கிடக்கின்றன. மேலே முந்திரியும் பலாவும் விளையும் அதே மேட்டின் ஆழத்தில் பழுப்பு நிலக்கரியும் இருக்கிறது. நெய்வேலி நிலக்கரி நிறுவனம் 1956இல் உருவானது. 1957 மே மாதம் ஜவஹர்லால் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961இல் நிலக்கரி அடுக்கைத் தொட்டார்கள். அதை எட்டுவதற்குப் பல மீட்டர் மேல்மண்ணை வாரி எடுக்க வேண்டியிருந்தது. அப்படி எடுத்த மண்ணில் வெள்ளைக் களிமண்ணும் கலந்து வந்தது. சுரங்கம், அனல்மின் நிலையம், உர ஆலை, லெக்கோ கரி ஆலை ஆகியவற்றோடு களிமண் கழுவும் ஆலை ஒன்றும் நெய்வேலித் திட்டத்தில் இடம்பெற்றதற்கு இதுவே காரணம். சில மைல் தொலைவில் இருந்த விருத்தாசலம் ஏற்கெனவே ரயில் சந்திப்பு. திருச்சி, விழுப்புரம், சேலம், கடலூர் என நான்கு திசைக்கும் அங்கிருந்து தடம் உண்டு. மண் அருகிலேயே கிடைத்தது, சரக்கு அனுப்ப வழியும் இருந்தது.

தென்னார்க்காட்டில் மண்பாண்டத் தொழில் மிகப் பழையது. பானை, சட்டி, அய்யனார் கோயில் குதிரை என்று சக்கரத்திலும் கையிலும் வனைந்த குயவர் மரபு ஊருக்கு ஊர் இருந்தது. விருத்தாசலத்துப் பீங்கான் அந்த மரபின் நேர் வாரிசு அல்ல. குயவரின் மண் ஏரியிலிருந்து வரும். இரும்பு கலந்திருப்பதால் சுட்டால் சிவக்கும். அவருடைய சூளைக்கு எண்ணூறு டிகிரியை ஒட்டிய வெப்பம் போதும். பீங்கானுக்குக் களிமண், குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் ஆகிய மூன்றையும் அளந்து கலக்க வேண்டும். சூளை 1,200 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டும். இந்த அறிவு தமிழ்நாட்டுக்குக் கல்விக்கூடங்கள், தொழிற்சாலைகள் வழியாகவே வந்தது. 1850இல் சென்னையில் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய கலைப்பள்ளி, உள்ளூர்க் களிமண்ணைக் கொண்டு மெருகிட்ட பாண்டங்கள் செய்து பார்த்தது. பின்னர் ராணிப்பேட்டையில் பாரி நிறுவனம் சுகாதாரப் பீங்கான் உற்பத்தியில் இறங்கியது. விடுதலைக்குப் பிறகு, சிறுதொழில் வளர்க்க அரசே தொழிற்பேட்டைகளை அமைத்தது. கிண்டிப் பேட்டை அந்த வரிசையில் முதன்மையானது. ஒரே வகைத் தொழிலுக்கென்று தனிப் பேட்டை அமைக்கும் முயற்சியில் விருத்தாசலத்துக்குப் பீங்கான் கிடைத்தது.

அந்த ஏற்பாட்டில் நல்ல சிந்தனை இருந்தது. பீங்கான் தொழிலில் அதிகப் பணம் விழுங்குபவை அரைக்கும் இயந்திரமும் சூளையும்தான். சிறு முதலாளியால் இரண்டையும் வாங்க முடியாது. ஆகவே தொழில் வணிகத் துறையின் கீழ் ஒரு செராமிக் சேவை மையம் ஏற்பட்டது. கலவை மண்ணைப் பதப்படுத்திக் கொடுப்பதும், பொருள்களைப் பொதுச் சூளையில் சுட்டுக் கொடுப்பதும், மண்ணைச் சோதித்துச் சொல்வதும் அதன் வேலை. பேட்டையில் கூடம் எடுத்தவர்கள் அச்சு, ஆள், சந்தை ஆகியவற்றைப் பார்த்துக்கொண்டால் போதும். இதே துறையின் பொறுப்பில் செராமிக் தொழில்நுட்பப் பட்டயப் படிப்புக்கான அரசுப் பயிலகமும் இங்கே வந்தது. டாசெல் என்று அறியப்பட்ட தமிழ்நாடு செராமிக்ஸ் என்ற அரசு நிறுவனமும் இவ்வூரில் இயங்கியது. மண், பாடம், சூளை, கூடம் எல்லாம் ஒரே ஊரில் அமைந்த இந்த ஏற்பாடு தமிழ்நாட்டின் சிறுதொழில் வரலாற்றில் அரிதானது. அதற்குரிய கவனம் இன்றுவரை அதற்குக் கிடைக்கவில்லை.

ஒரு பொருள் உருவாகும் முறையைப் பார்த்தால் இந்த ஊரின் அன்றாடம் புரியும். களிமண்ணையும், நாமக்கல், கரூர்ப் பக்கங்களில் கிடைப்பது போன்ற குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் தூளையும் தண்ணீரோடு பால் மில்லில் கொட்டுவார்கள். கூழாங்கற்கள் நிரம்பிய அந்த உருளை மணிக்கணக்கில் சுழன்று எல்லாவற்றையும் மாவாக்கும். கூழைச் சல்லடையில் வடித்து, இரும்புத் துகளைக் காந்தத்தால் நீக்குவார்கள். ஒரு துளி இரும்பு தங்கினாலும் வெள்ளைப் பரப்பில் கரும்புள்ளி விழும். பொம்மை, ஜாடி போன்றவற்றைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் வார்ப்பார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள, சுவரையொட்டி மண் ஓர் ஓடாகப் படியும். மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட்டு, சற்று இறுகியதும் அச்சைப் பிரித்தால் உள்ளே கூடான உருவம் இருக்கும். அச்சின் விளிம்பில் எழும் தழும்பைச் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து, பலகையில் அடுக்கிக் காயவைப்பது நுணுக்கமான வேலை. முதல் சூட்டில் பிஸ்கட் எனப்படும் நுண்துளைப் பொருள் கிடைக்கும். அதைக் கண்ணாடிப் பூச்சில் முக்கி எடுத்து மறுபடி சுட்டால் பளபளப்பு வரும்.

மின்சாரப் பொருள்களுக்கு முறை வேறு. அரை ஈரமான மண் தூளை எஃகு அச்சில் இட்டுக் கை அழுத்தியால் அழுத்தி எடுப்பார்கள். விருத்தாசலத்தை நெடுநாள் தாங்கியவை இப்படிச் செய்த பொருள்களே. பீங்கான் மின்சாரத்தைக் கடத்தாது, சூட்டில் உருகாது, தீப்பிடிக்காது. அதனால் மின்கம்பம் முதல் வீட்டு மெயின் வரை அதற்கு இடம் இருந்தது. சென்னை மாநில மின்வாரியம் 1957இல் அமைந்த பிறகு கிராமங்களுக்கும் வயல்களுக்கும் கம்பி இழுக்கும் வேலை வேகம் பிடித்தது. பம்ப்செட் இணைப்பில் தமிழ்நாடு நாட்டின் முன்வரிசைக்கு வந்தது. ஒவ்வொரு பம்ப்செட் கொட்டகையிலும் ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு மூன்று பீங்கான் ஃபியூஸ் கேரியர்கள் தேவைப்பட்டன. வயல்வெளியில் நீர் பாய்ச்சும் மோட்டாரைக் காத்தது கையடக்கமான அந்த வெள்ளைக் கட்டைதான். ஃபியூஸ் போனால் கேரியரைக் கழற்றிப் புதுக் கம்பி சுற்றி மாட்டுவது ஆண், பெண் எல்லோரும் கற்றுக்கொண்ட வித்தை. கட்டணம் கட்டாத வீட்டில் மின்வாரிய ஊழியர் அதைப் பிடுங்கிப் போவது ஊரே அறியும் தண்டனை. ஒரு தொழில்நுட்பம் மக்கள் வாழ்க்கையோடு இவ்வளவு நெருங்கிக் கலந்ததற்கு வேறு எடுத்துக்காட்டுகள் குறைவு. பின்னர் எம்சிபி என்னும் தானியங்கி விசை வந்தது. அது பாதுகாப்பானது, கம்பி சுற்றும் வேலையும் இல்லை. மக்கள் அதற்கு மாறியது நியாயமே. ஆனால் அந்த மாற்றம் பீங்கான் கூடங்களின் நிலையான ஆர்டரைக் கொண்டுபோய்விட்டது.

சமையலறையிலும் இதுவே நடந்தது. உப்பும் புளிப்பும் பீங்கானை அரிக்காது என்பதால் ஊறுகாய்க்கும் உப்புக்கும் ஜாடியே சிறந்த கலம். கையாளக் கனமானது, தவறவிட்டால் உடையும் என்பவை அதன் குறைகள். பிளாஸ்டிக் டப்பா மலிவாகவும் இலகுவாகவும் வந்ததும் ஜாடி பரணுக்குப் போயிற்று. ஊறுகாயையே கடையில் வாங்கும் வழக்கம் அதை அங்கேயே நிறுத்திவிட்டது. தேநீர்க் கோப்பைகளில் வடநாட்டு குர்ஜாவின் சரக்கும் வெளிநாட்டுச் சரக்கும் போட்டியிட்டன. தேநீர்க் கடைகளுக்குக் காகிதக் கோப்பை வந்தது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு அரசு ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை விதித்தது. பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பையும் அப்பட்டியலில் இருந்தது. அந்த வாய்ப்பில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டவை கண்ணாடி டம்ளரும் எவர்சில்வரும்தான்.

மின்பொருளும் கலமும் குறையக் குறைய, பேட்டை விளக்கையும் பொம்மையையும் நோக்கித் திரும்பியது. மண் அகலில் எண்ணெய் கசிந்து தரையில் கறை படியும். மெருகிட்ட பீங்கான் அகலில் கசிவு இல்லை, கழுவி எடுத்து அடுத்த ஆண்டுக்கு வைக்கலாம். பல வடிவங்களிலும் வண்ணங்களிலும் வந்த இந்த விளக்குகள் தீபாவளிக்கும் கார்த்திகைக்கும் வெளி மாநிலங்களுக்கும் போகின்றன. சாமி உருவங்களும் விலங்குப் பொம்மைகளும் உண்டியல்களும் திருவிழாக் கடைகளுக்குப் போகின்றன. வீட்டில் மின்விளக்கு எரியும்போது அகல் விளக்கு வெளிச்சத்துக்குத் தேவையில்லை. எந்தப் புதுக் கருவியாலும் இடம்பெயர்க்க முடியாத வழக்கத்தில் அது நிலைத்திருப்பதால்தான் இன்று பேட்டைக்குச் சோறு போடுகிறது.

பண்டிகைச் சந்தைக்குத் தன் சிக்கல் உண்டு. கார்த்திகை மாதம் வடகிழக்குப் பருவமழையின் நடுவில் வருகிறது. விற்பனை நெருங்கும்போது காயவைக்கும் வேலை தடைப்படும். ஆகவே பல மாதங்களுக்கு முன்பே கடன் வாங்கி வார்த்துச் சேமிக்க வேண்டும். சூளையில் வைத்தது எத்தனை விரிசலின்றி வரும் என்று திறக்கும்வரை தெரியாது. கருங்கல் உடைப்பவருக்கோ நெசவாளருக்கோ இல்லாத தனிக் கவலை இது: பல நாள் உழைப்பின் முடிவு ஓர் இரவின் நெருப்பில் தீர்மானமாகிறது. செய்யும் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி கிடைக்கும் இடங்களில் அந்தக் கவலை தொழிலாளியின் தூக்கத்தையும் தொடும். அச்சு பிரித்தல், தழும்பு சீவுதல், வண்ணம் தீட்டுதல் ஆகிய வேலைகளில் பெண்கள் அதிகம். வீட்டு வேலையும் அவர்கள் தலையில்தான் இருக்கிறது. 2008க்குப் பின் சில ஆண்டுகள் தமிழ்நாட்டை வாட்டிய மின்வெட்டு, பால் மில்லை நிறுத்திய ஒவ்வொரு மணி நேரத்திலும் இவர்களின் வருமானத்தையும் நிறுத்தியது.

உடலுக்கு வரும் ஆபத்து இன்னும் வெளிப்படையானது. குவார்ட்ஸ் என்பது சிலிக்கா. அதன் நுண்தூளை ஆண்டுக்கணக்கில் மூச்சோடு இழுத்தால் நுரையீரல் வடுப்பட்டுச் சிலிக்கோசிஸ் நோய் வரும். அதைக் குணமாக்க மருந்து இல்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் அதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்றாக வைத்திருந்தது. ஈரமாக அரைப்பதும், தரையைப் பெருக்காமல் தண்ணீர் விட்டுக் கழுவுவதும், தூசியை உறிஞ்சும் குழாய்களும், முறையான முகமூடியும் இதைத் தடுக்கும் எளிய வழிகள். துணியால் மூக்கைக் கட்டிக்கொள்வது போதாது.

இதற்கு மறுபக்கமாக, களிமண்ணோடு இருப்பது மனத்துக்கு நல்லது என்ற எண்ணம் நகரங்களில் பரவியிருக்கிறது. முதல் உலகப் போருக்குப் பின் மேலைநாட்டு மருத்துவமனைகள் காயமுற்ற வீரர்களுக்குக் கைவேலைப் பயிற்சியைச் சிகிச்சையாகக் கொடுத்தன. மட்பாண்டமும் அதில் ஒன்று. விருத்தாசலத்துக்கு வடகிழக்கே, புதுச்சேரியில் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். கையால் வனைந்து உயர் வெப்பத்தில் சுட்ட கலங்களுக்கு அது பெயர் பெற்றது. அங்கே பயின்றவர்கள் இந்தியாவெங்கும் பட்டறை வைத்தார்கள். இன்று சென்னையிலும் பெங்களூருவிலும் அலுவலக அழுத்தம் தணிய வார இறுதியில் மண் பிசையக் கட்டணம் கட்டிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கை ஈரமண்ணில் இருக்கும்போது செல்பேசியைத் தொட முடியாது. கவனம் ஒன்றில் நிற்கிறது. முடிவில் கையில் ஒரு பொருள் கிடைக்கிறது. இந்த இதம் உண்மையானது. ஆனால் அது மண்ணிலிருந்து மட்டும் வருவதில்லை. அவசரம் இல்லாததும், உடைந்தாலும் நட்டமில்லாததும் அதற்குக் காரணம். அதே மண்ணை நாள் முழுதும் எண்ணிக்கைக்காக வார்ப்பவருக்கு அந்த இரண்டும் கிடைப்பதில்லை. மன நலத்துக்கு மண்ணைப் பரிந்துரைக்கும் பேச்சில் பேட்டைத் தொழிலாளியும் இடம்பெற வேண்டும்.

எரிபொருளும் சந்தையும் தொழிலின் எல்லையைக் குறுக்கியிருக்கின்றன. கரியிலிருந்து எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் மாறியபோது புகை குறைந்தது, செலவு கூடியது. குழாய் எரிவாயுவும் பெரும் இயந்திரங்களும் சேர்ந்த குஜராத்தின் மோர்பி, ஓடு உற்பத்தியில் நாட்டையே ஆள்கிறது. சிறு கூடங்கள் அந்த அளவோடு போட்டியிட முடியாது. இங்கே பட்டயம் பெற்றவர்களும் ஓடு, சுகாதாரப் பீங்கான், உயர்வெப்பச் செங்கல் செய்யும் பெரிய ஆலைகளை நாடிப் போகிறார்கள். விலையில் மோர்பியையும் குர்ஜாவையும் வெல்வது விருத்தாசலத்துக்கு இயலாது; வடிவத்திலும் தரத்திலும் இயலும். அதற்கு இரண்டு வேலைகள் உடனே தேவை. அரசுப் பயிலகத்தின் மாணவர்கள் பேட்டைக் கூடங்களில் புதிய அச்சுகள் வடிவமைக்க வழி செய்ய வேண்டும். அங்கே வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் ஆண்டுதோறும் நுரையீரல் பரிசோதனையும், தூசி தடுக்கும் ஏற்பாடும், மன அழுத்தத்துக்கு ஆலோசனை கேட்க ஓர் இடமும் கிடைக்க வேண்டும். அரசு தொடங்கி வைத்த தொழில் இது. இவற்றைச் செய்யும் கடமையும் அரசுக்கே முதலில் உண்டு.