செய்நிரல் நேர அளவீடு

ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கணினிச் செய்நிரல் தன் நேரத்தை எந்தெந்தப் பகுதிகளில் செலவழிக்கிறது என்று கண்டறியும் முறையே செய்நிரல் நேர அளவீடு. இதற்கான கருவியைத் துறையினர் புரொஃபைலர் என்பார்கள். மொத்தம் எவ்வளவு நேரம் பிடித்தது என்பதைக் கடிகாரமே சொல்லிவிடும். அந்த நேரம் எங்கே போனது என்பதை அறியத்தான் புரொஃபைலர் வேண்டும். செய்நிரலை எழுதியவரிடமே கேட்டால் வரும் விடை பெரும்பாலும் பிழையாகத்தான் இருக்கும். இந்தத் துறை பிறந்ததற்கே அதுதான் காரணம்.

அளப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ்ஸை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு தரிப்பிடத்திலும் ஒருவரை நிறுத்தி, பஸ் வந்த நேரத்தையும் புறப்பட்ட நேரத்தையும் குறிக்கச் செய்யலாம். கணக்குத் துல்லியமாக வரும். ஆனால் குறிப்புப் புத்தகத்தில் ஒப்பமிடுவதற்காகவே நின்று நின்று போனால் பஸ் அதனாலேயே பிந்தும். இல்லாவிட்டால், நிமிடத்துக்கு ஒரு தடவை பஸ் எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்த்து எழுதலாம். 200 குறிப்புகளில் 40 வரக்காப்பொல நகரத்தில் விழுந்தால், பயணத்தில் ஐந்தில் ஒரு பங்கு அங்கே கழிந்திருக்கிறது. அது வீதி நெரிசலா, தலகுலி என்ற இனிப்பு வாங்க இறங்கியவர்கள் ஏறத் தாமதித்ததா என்பதைப் பிறகு விசாரித்துக்கொள்ளலாம். முதலாவது முறை செய்நிரலுக்குள் அளவிகளைப் பொருத்துவது, இரண்டாவது மாதிரியெடுப்பது. இன்றுள்ள கருவிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்று, அல்லது இரண்டின் கலப்பு.

முறையான ஆய்வு என்று முதலில் சுட்டத்தக்கது, ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் குனூத் 1971இல் வெளியிட்ட, போர்ட்ரான் மொழிச் செய்நிரல்கள் பற்றிய ஆய்வு. மக்கள் உண்மையில் எப்படிப்பட்ட செய்நிரல்களை எழுதுகிறார்கள் என்று பார்க்க, கணினி நிலையத்தின் குப்பைக்கூடைகளில் கிடந்த தாள்களைக்கூட அவருடைய குழு விட்டுவைக்கவில்லை. ஒவ்வொரு கூற்றும் எத்தனை தடவை ஓடுகிறது என்று எண்ணிப் பார்த்ததில், செய்நிரலின் 4 சதவீதத்துக்கும் குறைவான பகுதி பொதுவாகப் பாதி நேரத்துக்கும் மேலாக விழுங்குவது தெரியவந்தது. எண்ணுவதற்குப் பயன்படுத்திய கருவியையே அதே கருவியால் அளந்தபோது, அதன் நேரத்தில் பாதிக்கும் மேல் இரண்டே லூப்களில் போயிருந்தது. சிறிய திருத்தத்தில் அதன் வேகம் இரட்டிப்பானது. அளக்கும் கருவியை எழுதியவர்களுக்கே தங்கள் கருவியின் நேரம் எங்கே போகிறது என்று தெரிந்திருக்கவில்லை.

1973இல் யுனிக்ஸ் இயங்குதளத்தின் நான்காம் பதிப்பில் புரொஃப் என்ற கட்டளை வந்தது. கடிகாரத் துடிப்புக்கு ஒரு தடவை எந்தச் சார்பு, அதாவது செய்நிரலின் எந்தப் பெயரிட்ட பகுதி, ஓடுகிறது என்று பார்த்துப் பட்டியலிடுவது அதன் வேலை. ஆனால் செய்நிரல்களைச் சிறுசிறு சார்புகளாக உடைத்து எழுதும் பழக்கம் பரவியதும் அந்தப் பட்டியலின் பயன் குறைந்தது. எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக நேரம் சிதறிக்கிடக்கும். யாருக்காக அந்த நேரம் செலவானது என்பது தெரியாது. இதற்குத் தீர்வாக சூசன் கிரஹாம், பீட்டர் கெஸ்லர், மார்ஷல் மக்குசிக் ஆகியோர் பேர்க்லிப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 1982இல் விவரித்த ஜீபுரொஃப், யார் யாரை அழைத்தார்கள் என்பதையும் சேர்த்துப் பதிந்து, செலவை அழைத்தவரின் கணக்கில் ஏற்றியது. அதில் ஒரு குறை இருந்தது. ஒரு சார்பின் ஒவ்வொரு அழைப்பும் ஒரே அளவு நேரம் பிடிக்கும் என்று அது எடுத்துக்கொண்டது. சிறிய பட்டியலை நூறு தடவை வரிசைப்படுத்தக் கேட்டவர் தலையில் பழி விழும். பெரிய பட்டியலை ஒரே தடவை கொடுத்தவர் தப்பிவிடுவார்.

1997இல் டிஜிட்டல் என்ற கணினி நிறுவனத்தின் ஆய்வாளர்கள், மாதிரியெடுக்கும் செலவை 1 முதல் 3 சதவீதத்துக்குள் அடக்கி, முழுக் கணினியையும் எந்நேரமும் அளந்துகொண்டிருக்கலாம் என்று காட்டினார்கள். அக்குழுவில் இருந்த ஜெஃப் டீனும் இந்தியாவில் வளர்ந்த சஞ்சய் கெமாவத்தும் பின்னர் கூகுளுக்குப் போனார்கள். தரவு நிலையங்கள் முழுவதையும் அளக்கும் தன் முறையைக் கூகுள் 2010இல் விவரித்தது.

இலங்கையில் நேரம் எங்கே போகிறது என்ற கவலை வணிக அளவில் முன்னுக்கு வந்தது பங்குச் சந்தை மென்பொருளால். அத்தகைய மென்பொருளை எழுதிய, 1996இல் தொடங்கிய மிலேனியம்ஐடி நிறுவனத்தை லண்டன் பங்குச் சந்தை 2009இல் 3 கோடி டொலருக்கு வாங்கியது. டொட்நெட் அடிப்படையில் அமைந்த தன் பழைய முறைமையைக் கைவிட்டு, 2011 பெப்ரவரியில் தன் முதன்மைச் சந்தையை அந்த இலங்கை மென்பொருளுக்கு மாற்றியது. அதற்கு முன்பே, 2010 ஒக்டோபரில், அதன் துணைச் சந்தையான டேர்க்வொய்ஸ் மாறியிருந்தது. அங்கே பங்குகளை வாங்கவோ விற்கவோ இடும் ஒரு கட்டளைக்குச் சராசரியாக 126 மைக்ரோ செக்கன் ஆவதாக அறிவித்தார்கள். இத்தகைய முறைமைக்கு மாதிரியெடுப்பு மட்டும் போதாது. பத்தாயிரம் கட்டளைகளில் பிந்திய ஒன்றுதான் தரகருக்கு நட்டம். இடையிடையே எட்டிப்பார்ப்பவர் கண்ணில் அது படாது. ஒவ்வொரு கட்டளையும் ஒவ்வொரு வாசலைத் தாண்டும்போது நேர முத்திரை குத்தியே ஆகவேண்டும். சராசரியைப் பெரிதாக அறிவிப்பது விளம்பரத்துக்குச் சரி. பொறியியலாளர் பார்க்கவேண்டியது ஆக மோசமான சிலவற்றை.

திறந்த மூல மென்பொருள் பக்கத்தில், 2004 ஓகஸ்டில் கொழும்பில் கூடிய வடிவமைப்பாளர்கள் திட்டமிட்ட அப்பாச்சி அக்சிஸ்2 என்ற வலைச் சேவை மென்பொருள் குறிப்பிடத்தக்கது. எக்ஸ்எம்எல் செய்தி முழுவதையும் முன்கூட்டியே நினைவகத்தில் கட்டியெழுப்பாமல், கேட்ட பகுதியை மட்டும் கேட்ட நேரத்தில் கட்டுவதே அதன் வேகத்துக்கு அடிப்படை.

அக்சிஸ்2 எழுதப்பட்ட ஜாவா மொழியில் அளவீட்டுக்கே ஒரு சிக்கல் வந்தது. 2010இல் வெளியான ஓர் ஆய்வு, பரவலாகப் பயன்பட்ட நான்கு ஜாவா புரொஃபைலர்களை ஒரே செய்நிரல்களின் மீது ஓட்டியது. எது அதிக நேரம் பிடிக்கிறது என்பதில் அவை அடிக்கடி முரண்பட்டன. ஜாவா இயந்திரம் தனக்கு வசதியான இடங்களில் மட்டுமே மாதிரியெடுக்க விட்டதுதான் காரணம். தரிப்பிடத்தில் நிற்கும்போது மட்டும் பஸ்ஸைப் பார்த்தால், வழியில் நெரிசலே இல்லை என்றுதான் தெரியும்.

மாதிரியெடுப்பின் முடிவைக் காட்ட, கணினிச் செயல்திறன் நிபுணர் பிரெண்டன் கிரெக் 2011இல் வரைந்த தீச்சுவாலை வரைபடம் இன்று எங்கும் காணப்படுகிறது. அதில் பட்டையின் அகலம் மாதிரிகளின் பங்கைக் காட்டும். புதிதாகப் பார்ப்பவர்கள் இடமிருந்து வலமாக நேரம் ஓடுவதாக நினைத்துவிடுகிறார்கள். அந்த வரிசை வெறும் அகரவரிசை.

நல்ல கருவிகள் பலவற்றுக்கு இன்று காசு தேவையில்லை. லினக்ஸில் பேர்ஃப் 2009இலிருந்து உண்டு. ஜாவாவின் ஃபிளைட் ரெக்கோர்டர் 2018இல் திறந்த மூலமாயிற்று. உயர்தர மாணவர்கள் பயிலும் பைத்தனில் சீபுரொஃபைல் 2006இல் வந்த 2.5ஆம் பதிப்பிலிருந்தே கூடவே வருகிறது. தனியாக எதையும் நிறுவவேண்டியதில்லை.