அரிசிப் பானையில் இருந்த பணம்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் பேரன் கேட்டான். "தாத்தா, டீக்கடையில கூட போன்லதான் பணம் கட்றோம். நீங்க எதுக்கு பீரோவுல நூறு ரூபா கட்டு வெச்சிருக்கீங்க?"

ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். சமூக அறிவியல் நடத்திய வாய், சும்மா இருக்குமா? 1903-லிருந்து ஆரம்பித்துவிட்டேன். அவனுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

நம் ஜோலார்பேட்டைக்குப் பக்கத்தில்தான் வாணியம்பாடி. 1903 நவம்பர் 12 அன்று பாலாற்றில் வந்த வெள்ளம் அந்த ஊரைப் புரட்டிப் போட்டது. ஏறத்தாழ 200 பேர் இறந்தார்கள். அதன் நினைவுத் தூண் இன்றும் அங்கே நிற்கிறது. அந்தக் காலத்தில் ஏழை பாழைகளுக்குச் சேமிப்பு என்றால் அடுக்குப் பானையும் முந்தானை முடிச்சும்தான். தபால் ஆபீஸ் சேமிப்பு வங்கி 1882-லேயே வந்துவிட்டது, ஆனால் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எத்தனை பேர் அங்கே போயிருப்பார்கள்? வெள்ளம் வந்தால் வீட்டோடு பானையும் போகும். வீட்டில் பணம் வைப்பதில் உள்ள முதல் ஆபத்து இது.

அப்படியானால் வங்கியில் போட்டவர் பிழைத்தாரா? மூன்றே ஆண்டுகளில் சென்னையிலிருந்து பதில் வந்தது. 1906 அக்டோபர் 22 அன்று அர்பத்நாட் கம்பெனி கதவைச் சாத்தியது. வெள்ளைக்காரர் நடத்திய பெரிய நிறுவனம், அசையாது என்று நம்பி ஆயிரக்கணக்கானோர் பணம் போட்டிருந்தார்கள். ஓய்வூதியத்தை நம்பி வாழ்ந்தவர்களும் விதவைகளும் அதில் உண்டு. நிறுவனத்தின் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது, ஆனால் போட்டவர்களுக்குப் போட்ட பணம் முழுசாகக் கிடைக்கவில்லை. அந்தக் காயத்திலிருந்துதான் வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றவர்கள் முன்னின்று 1907-ல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள்.

அதன் பிறகும் வங்கிகள் விழுந்துகொண்டுதான் இருந்தன. 1960-ல் கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கி மூடப்பட்ட பிறகுதான் அரசு விழித்துக்கொண்டது. 1962 முதல் வைப்புத்தொகைக் காப்பீடு வந்தது. அப்போது ஒருவருக்கு 1,500 ரூபாய் வரை பாதுகாப்பு. 2020 முதல் அது 5 லட்சம்.

வெள்ளம் ஒரு பக்கம், வங்கி ஒரு பக்கம். மூன்றாவது ஆபத்து, கையில் இருக்கும் நோட்டே செல்லாமல் போவது.

1946 ஜனவரி 12-ல் வெள்ளைக்கார அரசு 500, 1000, 10,000 ரூபாய் நோட்டுகளைச் செல்லாது என்றது. 1978 ஜனவரி 16-ல் மொரார்ஜி தேசாய் அரசு 1000, 5000, 10,000 ரூபாய் நோட்டுகளைச் செல்லாது என்றது. இரண்டும் நம்மைப் போன்றவர்கள் வாசலை எட்டவில்லை. 1978-ல் எங்கள் தெருவில் ஆயிரம் ரூபாய் நோட்டைக் கண்ணால் பார்த்தவர் எவரும் இல்லை.

2016 நவம்பர் 8 அப்படியில்லை. அன்று இரவு செல்லாது என்று அறிவித்த 500, 1000 ரூபாய் நோட்டுகள் நாட்டில் புழங்கிய பணத்தின் மதிப்பில் 86 சதவீதம்.

இரண்டு நாள் கழித்து நம் ஜங்ஷனில் பார்த்தது நினைவிருக்கிறது. ரயில் டிக்கெட்டுக்குப் பழைய நோட்டு செல்லும் என்று விலக்கு இருந்ததால் கவுண்டரில் ஒரே கூட்டம். பிளாட்பாரத்து டீக்கடையிலோ ஐந்நூறைக் கையால் தொடவில்லை. ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்கள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வங்கி வாசலில் நின்றார்கள்.

அன்று மாலை அம்மா என்னைக் கூப்பிட்டார். சுருக்குப்பையிலிருந்து ஒரு துணி முடிச்சை அவிழ்த்தார். 27 ஐந்நூறு ரூபாய் நோட்டுகள். மாதா மாதம் கைச்செலவுக்கு நான் கொடுத்ததுதான்.

"நான் செத்தா நீ யார்கிட்டயும் போய் நிக்கக் கூடாதுப்பா. அதுக்குத்தான் வெச்சேன்" என்றார்.

நான் சிரித்தேன். மருமகள் முன்னாலேயே, "பேங்க் எதுக்கும்மா இருக்கு? பள்ளிக்கூடத்துப் பசங்களே சஞ்சாயிகால பணம் போடுறாங்க. வாத்தியார் அம்மா துணியில முடிஞ்சு வெச்சிருக்கீங்க" என்றேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. பணத்தை என் கணக்கில் கட்டிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்தாள். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஏடிஎம் எல்லாவற்றிலும் 'பணம் இல்லை' அட்டை. என் பையில் ஒரே ஒரு புது 2000 ரூபாய் நோட்டு. சில்லறை இல்லை என்று ஆட்டோக்காரர் கையை விரித்தார். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தால், மூவாயிரம் முன்பணம், பழைய நோட்டு வேண்டாம், கார்டு மெஷின் கிடையாது என்றார்கள். வங்கியில் என் பெயரில் லட்சத்துக்கு மேல் இருந்தது.

அம்மா எழுந்து சமையலறைக்குப் போனார். அரிசிப் பானைக்குள் முழங்கை வரை கையை விட்டு இன்னொரு முடிச்சை எடுத்தார். பத்து, இருபது, ஐம்பது, நூறு. எண்ணினால் 3,460 ரூபாய்.

"அது என் சாவுக்கு வெச்சது. இது அவசரத்துக்கு. போ, நேரமாவுது."

அந்தப் பணத்தில்தான் அன்று திருப்பத்தூர் போனோம்.

அம்மா 2019-ல் போய்விட்டார். 13,500 ரூபாயைத் தனியாக எடுத்து அவர் காரியத்துக்கே செலவழித்தேன். அன்று சிரித்ததற்கு மட்டும் கடைசி வரை மன்னிப்புக் கேட்கவில்லை.

இப்போது எல்லாம் போனில் இருக்கிறதே என்பீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைக்காரர்கள் கரண்ட், டவர், ஏடிஎம் எதுவும் இல்லாமல் நாள்கணக்கில் தவித்தார்கள். மறுவருடம் டிசம்பர் 12-ல் வர்தா புயல் வந்தபோது நோட்டுத் தட்டுப்பாடும் தீரவில்லை, கார்டு மெஷினும் ஓடவில்லை. 2021 நவம்பரில் நம் பாலாறே இரு கரையும் புரண்டு ஓடியதைப் பார்த்தோம். கரண்டு போய், போனில் சார்ஜும் போய்விட்டால் அதற்குள் இருக்கும் பணம் இருந்தும் இல்லாததுதான்.

அதனால் வீட்டில் நான் செய்வது இதுதான். ஒரு வாரச் சாப்பாடு, மருந்து, ஆட்டோ செலவுக்கான பணம் மட்டும் வீட்டில். எல்லாம் நூறும் அதற்குக் கீழும். தண்ணீர் புகாத உறையில், ரேஷன் கார்டு, ஆதார் நகலோடு, மேல் தட்டில். வருடத்துக்கு ஒரு முறை பழைய நோட்டுகளை மாற்றிவிடுவேன். இருக்கும் இடம் என் மனைவிக்கும் தெரியும். ஒருவருக்கு மட்டுமே தெரிந்த பணம் அவரோடு போய்விடும். மற்றதெல்லாம் வங்கியிலும் தபால் ஆபீஸிலும். ஒரே வங்கியில் 5 லட்சத்துக்கு மேல் சேர விடுவதில்லை.

மொத்தச் சேமிப்பையும் வீட்டில் வைக்காதீர்கள். திருடனுக்கும் தீக்கும் வெள்ளத்துக்கும் அது வசதி. திருப்பூர் மாவட்டத்தில் வயதான அக்காள் தங்கை இருவர், வைத்தியத்துக்கும் சாவுக்கும் என்று சேர்த்த பணம் செல்லாது என்பதை மூன்று வருடம் கழித்து, 2019-ல்தான் தெரிந்துகொண்டார்கள். செய்தியில் படித்தபோது அம்மாவின் முதல் முடிச்சு கண்ணில் வந்தது.

எல்லாம் கேட்டுவிட்டுப் பேரன், "அப்போ அரிசி டிரம்லயும் வெச்சிருக்கீங்களா தாத்தா?" என்றான். அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

உங்கள் வீட்டு அம்மாக்களும் பாட்டிகளும் எங்கே முடிந்து வைத்தார்கள்? எழுதுங்கள், படிக்க ஆசை. இப்போதும் வைத்திருந்தால் இடத்தை மட்டும் எழுதாதீர்கள்.