டொப் கியரும் நியூட்ரலும்: ஒரு நூற்றாண்டுக் கதை

2022ஐ யாரும் மறந்திருக்க மாட்டோம். வருட ஆரம்பத்தில் 177 ரூபாயாக இருந்த ஒரு லீற்றர் ஒக்டேன் 92 பெற்றோல், ஜூன் கடைசியில் 470 ரூபாய். அதுவும் செட்டில் இல்லை. பாடசாலைகள் மூடப்பட்டன, திறந்தபோது வாரத்தில் மூன்று நாட்கள்தான். கியூஆர் வந்ததும் மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20 என்று கணக்குப் பார்த்து ஓடினோம்.

அந்த நாட்களில் எல்லோர் வாயிலும் இரண்டு அறிவுரைகள் இருந்தன. "கெதியா மேல் கியருக்கு மாத்துங்க." "இறக்கத்தில நியூட்ரல்ல விடுங்க." இரண்டுமே பாட்டன் காலத்து அறிவுரைகள்தான். ஆனால் ஒன்று இன்றும் செல்லும் காசு, மற்றது செல்லாக்காசு. ஏன் என்று பார்க்க மோட்டார் வாகன வரலாற்றில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

மேல் கியரில் ஓட்டுவது முதலில் சிக்கனத்துக்காக வந்ததல்ல, பெருமைக்காக வந்தது. அக்காலக் கார்களில் கியர் மாற்றுவது பெரும் பாடு. கியரை இலகுவாக விழவைக்கும் சின்க்ரோமெஷ் 1928இல்தான் கெடிலாக் காரில் வந்தது. அதற்கு முன் கிளச்சை இரண்டு தரம் மிதித்து, சுற்றைக் காதால் கேட்டு, நேரம் பார்த்துப் போட வேண்டும். பிழைத்தால் பல்லோடு பல் அரைபடும் சத்தம் தெருவுக்கே கேட்கும். ஆகவே "எங்கள் காரில் கியரே மாற்றத் தேவையில்லை" என்பதுதான் பணக்காரர்களுக்கு ஏற்ற விளம்பரம்.

1911இல் இங்கிலாந்தில் நேப்பியர் நிறுவனம் தன் காரை இலண்டனிலிருந்து எடின்பரோவுக்கு டொப் கியரிலேயே ஓட்டிக் காட்டியது. ரோல்ஸ் ரொய்ஸ் சும்மா இருக்குமா? தனது சில்வர் கோஸ்ட் காரை அதே வருடம் அதே பாதையில், டொப் கியரிலேயே ஓடவிட்டது. மேற்பார்வைக்கு றோயல் ஒட்டோமொபைல் கழகம். நேப்பியர் ஒரு கலனுக்கு 19.35 மைல் ஓடியிருந்தது. ரோல்ஸ் ரொய்ஸ் ஓடியது 24.32 மைல். நமது கணக்கில் லீற்றருக்கு எட்டரைக் கிலோமீற்றர். ஏழு லீற்றருக்கு மேற்பட்ட எஞ்சின் என்பதை நினைத்துப் பாருங்கள்! இன்று கொழும்பு நெரிசலில் நிற்கும் பல ஜீப்புகளுக்கு இந்தக் கணக்கு வராது.

இதன் காரணம் சாதாரண தர விஞ்ஞானத்துக்குள் அடங்கும். பெற்றோல் எஞ்சினுக்குள் போகும் காற்றை ஒரு சிறு மூடி கட்டுப்படுத்துகிறது. எக்ஸிலேட்டரை இலேசாக மிதித்தால் மூடி இலேசாகத்தான் திறக்கும். அப்போது பிஸ்டன் காற்றை இழுப்பது, ஸ்ட்ரோவை விரலால் நசுக்கிக்கொண்டு இளநீர் உறிஞ்சுவது போல. அந்த வீண் உழைப்புக்கும் பெற்றோல்தான் செலவாகிறது. மேல் கியரில் அதே வேகத்துக்கு எஞ்சின் மெதுவாகச் சுற்றும், மூடி கூடுதலாகத் திறந்திருக்கும். உறிஞ்சும் சிரமமும் உராய்வும் குறையும். ஒரு சிறிய கார் மணிக்கு 60 கிலோமீற்றரில் மூன்றாம் கியரில் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால், ஐந்தாவதில் ஏறத்தாழ 2000தான். அதற்காக ஏற்றத்தில் எஞ்சின் உதறும்போதும் பிடிவாதமாக ஐந்தாவதிலேயே இருப்பது சிக்கனமல்ல, எஞ்சினுக்குச் செய்யும் அநியாயம். உதறல் வந்தால் கியரைக் குறைக்க வேண்டியதுதான்.

இரண்டாம் உலகப் போரில் பங்கீடு வந்தது. பிரித்தானியாவில் 1939 செப்டெம்பரில் தொடங்கி, 1942இல் சாதாரண தனியார் கார்களுக்கான பங்கே நிறுத்தப்பட்டு, 1950இல்தான் முடிந்தது. அமெரிக்காவில் அவசியமற்ற கார்களுக்கு வாரம் நான்கு கலன் அளவில், அதாவது 15 லீற்றர். நமது கியூஆர் பங்கு அதைவிடக் கூட! அங்கே மணிக்கு 35 மைல் என்ற வேக எல்லையும் வந்தது. ஆனால் அதன் முக்கிய நோக்கம் டயரைக் காப்பது. மலாயா ஜப்பானிடம் வீழ்ந்த பின் நேச நாடுகளுக்கு இயற்கை இறப்பர் கொடுத்த முக்கிய நாடு நமது இலங்கைதான்.

போர் முடிந்தது, பெற்றோல் மலிந்தது, சிக்கனமும் மறந்துபோனது. 1973 ஒக்டோபர் போரோடு அரபு நாடுகள் எண்ணெய்த் தடை விதித்தன. சில மாதங்களில் பீப்பாய் ஒன்றின் விலை ஏறத்தாழ நான்கு மடங்கானது. அதுவரை ஐரோப்பாவின் சாதாரணக் கார்களுக்கு நான்கு கியர்தான். ஐந்தாவது கியர் பரவலானது அதன் பின்னர். வொக்ஸ்வாகன் 1981இல் 'ஃபோர்மல் ஈ' என்று ஒரு வகையை விற்றது. 'ஈ' என்றால் சிக்கனம். அதன் கடைசிக் கியர் வேகத்துக்கல்ல, எஞ்சினை ஆறுதலாகச் சுற்றவைக்க. "இப்போது மேல் கியருக்கு மாற்று" என்று டேஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியும். ஐரோப்பிய ஒன்றியம் 2012 முதல் புதிய மெனுவல் கார் வகைகளுக்கு இந்தக் காட்டியைக் கட்டாயமாக்கியது. சிலரது காரில் மேல்நோக்கி ஒரு சிறு அம்புக்குறி எரியும்; அதைப் பார்த்துப் பயந்து கராஜுக்குப் போனவர்களும் உண்டு. அது பழுதல்ல, அந்தப் பழைய விளக்கின் பேரப்பிள்ளை.

இனி நியூட்ரல். மொரிஸ் மைனர் ஓட்டிய பெரியவர்கள் சொன்னதில் அன்றைக்கு நியாயம் இருந்தது. காபரேற்றர் எஞ்சினில் காலை எடுத்தாலும், கியரில் இருக்கும்வரை சக்கரம் எஞ்சினைச் சுற்றவைக்கும், எஞ்சின் பெற்றோலை இழுத்துக்கொண்டே இருக்கும். நியூட்ரலில் விட்டால் அது குறையும். எஞ்சினை நிறுத்தினாலும் மைனரின் பிரேக் மாறாது, ஏனென்றால் அதில் பிரேக்குக்கு எஞ்சினின் உதவியே கிடையாது. முழுக்கக் கால் பலம்தான்.

1980களில் இன்ஜெக்‌ஷன் பரவியதும் கணக்கு தலைகீழானது. இன்றைய கார் கியரில் இறங்கும்போது காலை எடுத்தால் கணினி பெற்றோலை முழுதாக நிறுத்திவிடுகிறது. எஞ்சினைச் சுற்றவைப்பது சக்கரம். நியூட்ரலில் விட்டாலோ, எஞ்சின் நின்றுவிடாமல் இருக்க மணித்தியாலத்துக்கு அரை லீற்றருக்கு மேல் குடிக்கும். மிச்சம் பிடிக்கிறோம் என்று நினைத்துச் செலவழிக்கிறோம்.

எஞ்சினையே நிறுத்தி இறங்குவது இன்னும் மோசம். இன்றைய பிரேக்கின் பலத்தில் பெரும் பகுதி எஞ்சினிடமிருந்து இரவல் வாங்கியது. நின்ற எஞ்சினோடு இரண்டு மூன்று தரம் மிதித்தால் பெடல் கல்லாகிவிடும். திறப்பைத் தவறுதலாக முழுக்கத் திருப்பினால் பல கார்களில் ஸ்டியரிங்கும் பூட்டிக்கொள்ளும். கண்டியிலிருந்து கடுகண்ணாவையில் இறங்கும்போது, பின்னால் ஒரு பஸ், முன்னால் ஒரு லொறி, பக்கத்தில் பள்ளம். அந்த இடத்தில் மிஞ்சும் பெற்றோல் ஒரு தேநீர்க் கோப்பையைக் கூட நிரப்பாது.

காபரேற்றர் ஓட்டோ வைத்திருப்பவர்கள் "எங்களுக்கு மிஞ்சுதே" என்பார்கள். உண்மைதான், துளி மிஞ்சும். ஆனால் நியூட்ரலில் எஞ்சினின் பிடிப்பு போய்விட, மூன்று ஆட்களையும் சாமானையும் அந்தச் சிறிய டிரம் பிரேக் தனியாகத் தாங்க வேண்டும். சூடேறினால் அதுவும் பிடிக்காது.