பாட்டில் இல்லாத ஈழம்: 'கலாங்' சிங்கிளின் வெளியீடும் உறைக்கலையும்

பாட்டு முடிந்த பிறகே உறைக்கு ஓவியர் தேடுவது இசைத்தட்டு உலகின் வழக்கம். எம்.ஐ.ஏ. என்று அறியப்படும் மாதங்கி அருள்பிரகாசத்தின் முதல் சிங்கிளான 'கலாங்' இந்த வழக்கத்தைத் தலைகீழாக்கியது. அங்கே உறை வரைந்தவரே பின்னர் பாடகரானார். இதைக் கணக்கில் கொள்ளாமல், அந்த இசைத்தட்டில் ஈழம் எங்கே இருக்கிறது என்று காட்ட முடியாது.

1975இல் லண்டனில் பிறந்த மாதங்கி, கைக்குழந்தையாக இருந்தபோதே குடும்பத்தோடு இலங்கைக்குப் போனவர்; 1986இல் அகதியாக லண்டன் திரும்பினார். சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரியில் திரைப்படம் படித்தார். 2000இல் வெளியான எலாஸ்டிகா ராக் குழுவின் 'த மெனஸ்' ஆல்பத்துக்கு உறை செய்தது இவர்தான். அக்குழுவின் சுற்றுப்பயணத்தைப் படம்பிடிக்கப் போன இடத்தில், உடன் வந்த பாடகி பீச்சஸ் இவருக்கு ரோலண்ட் எம்சி-505 என்ற தாளக்கருவியை அறிமுகம் செய்தார். 2001இல் லண்டனில் இவரது ஓவியக் கண்காட்சி நடந்தது. ஸ்டென்சில் வெட்டி, ஸ்ப்ரே பெயின்ட் அடித்து, கண்ணைப் பறிக்கும் நிறங்களில் போர்க் காட்சிகளை அவர் அதில் வைத்திருந்தார்.

'கலாங்' பிறகுதான் வந்தது. எலாஸ்டிகாவின் ஜஸ்டின் ஃப்ரிஷ்மன், பல்ப் குழுவின் ஸ்டீவ் மேக்கி, ராஸ் ஆர்டன் ஆகியோர் அதன் இணைப் படைப்பாளிகள். நடன இசைதான் என்றாலும் அதற்குப் பிரசவம் பார்த்தவர்களில் ராக் குழுக்காரர்களும் இருந்தார்கள். 2003இல் ஷோபிஸ் என்ற சிறு நிறுவனம் 500 வினைல் தட்டுகளை மட்டும் அச்சிட்டது. கிளப்புகளும் இணையமும் பாட்டைப் பரப்ப, எக்ஸ்எல் ரெக்கார்டிங்ஸ் அவரை ஒப்பந்தம் செய்தது. 2004இல் 'சன்ஷவர்ஸ்' வெளிவந்தது. அதன் பின் 'கலாங்' மறுபடி வெளியிடப்பட்டது. 2005 மார்ச்சில் வந்த 'அருளர்' ஆல்பத்திலும் அது இடம்பெற்றது.

பாட்டு வரிகளில் யாழ்ப்பாணம் இல்லை. லண்டன் தெருப்பேச்சுதான் இருக்கிறது.

ஈழம் இருப்பது படங்களில். ரூபன் ஃப்ளைஷர் இயக்கிய 'கலாங்' வீடியோவில், மாதங்கி ஆடும்போது அவருடைய ஸ்டென்சில் உருவங்களே பின்னணியில் நகர்கின்றன. ஸ்டீவ் லவ்ரிட்ஜுடன் சேர்ந்து அவர் செய்த 'அருளர்' உறையில், அவர் முகத்தைச் சுற்றிலும் டாங்கிகள், குண்டுகள், துப்பாக்கிகள், புலிகள். இடையில் கைபேசிகளும். கண்காட்சியில் வைத்த உருவங்கள் பல இங்கே திரும்ப வருகின்றன. இதை ஆரணிப் பட்டுத்தறியோடு ஒப்பிடலாம்: நெசவு வடிவத்தைத் தீர்மானிக்கும் ஜக்கார்டு அட்டையின் துளை மாறாதவரை, புட்டா எனும் பூவேலையும் மாறாது. நூலின் நிறம் மாறினால் சேலையே வேறாகிவிடும். ஸ்டென்சிலும் அப்படித்தான்: ஒருமுறை வெட்டிய புலி கேன்வாஸிலும் திரையிலும் உறையிலும் வெவ்வேறு நிறத்தில் பாய்கிறது.

போரை அலங்காரமாக்கிவிட்டார், புலிக்கு விளம்பரம் செய்கிறார் என்ற குற்றச்சாட்டுகள் எழுந்தன. இரண்டாவதைப் பொறுத்தவரை ஒரு தகவலை நினைவில் கொள்ள வேண்டும்: ஆல்பத்துக்குப் பெயர் தந்த மாதங்கியின் தந்தை அருளர், ஈரோஸ் என்ற ஈழப் போராளி அமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவர், விடுதலைப் புலிகள் அமைப்பைச் சேர்ந்தவர் அல்லர். முதலாவதை அவ்வளவு எளிதில் தள்ள முடியாது. ஈழப்போரைப் பற்றி ஏதும் அறியாத ஒருவருக்கு அந்த இளஞ்சிவப்பும் பச்சையும் வெறும் அழகாகவே பட்டிருக்கலாம். ஆனால் வியாபாரத்துக்காகச் சேர்த்த ஒப்பனை என்ற வாதத்தைக் காலவரிசையே மறுக்கிறது. விற்பதற்கு ஒரு பாட்டும் இல்லாத 2001லேயே அந்தப் படங்கள் சுவரில் தொங்கின.

தமிழ்த் திரைப்பட இசைத்தட்டுகளின் உறைகள் பெரும்பாலும் படக்காட்சிகளாலேயே ஆனவை. அவற்றைப் பட்டியலிடுவோர் படம், இசையமைப்பாளர், பாடகர், தட்டு எண் ஆகியவற்றைக் குறிப்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். புலம்பெயர் தமிழர் இசைக்கு அந்தப் பட்டியல் முறை போதாது. உறையை யார் செய்தார், அதன் உருவங்கள் முன்பு எங்கே இடம்பெற்றன என்ற இரண்டு விவரங்களையும் சேர்த்தால்தான், 'கலாங்' லண்டன் நடனப் பாட்டாக மட்டுமன்றி ஈழப்போர்க் காலத்தின் காட்சி ஆவணமாகவும் பட்டியலில் இடம்பெறும்.